ஏழாம் எண் அட்டை

எங்கள் ஆபீசில் ஒரே ஒரு சட்டம்தான். வாக்கியத்தை இட்டுக்கட்டக் கூடாது.

ஆங்கிலம் கற்றுக்கொள்பவர்களுக்காக நாங்கள் ஒரு புத்தகம் செய்துகொண்டிருந்தோம். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும், எதோடு சேராது என்று சொல்லும் புத்தகம். மழை 'பலத்த'தாக இருக்கலாம், 'பருத்த'தாக இருக்க முடியாது அல்லவா? அதை அந்த மொழிக்காரன் யோசிக்காமல் சொல்லிவிடுவான். நம்மால் முடியாது. அதற்காகத்தான் இந்தப் புத்தகம். ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஓர் உதாரண வாக்கியம் உண்டு. அந்த வாக்கியத்தை யாரோ ஒருவர் உண்மையிலேயே எங்கேயோ சொல்லியோ எழுதியோ இருக்கவேண்டும். அதை ஓர் அட்டையில் எழுதுவோம். பின்பக்கத்தில் யார், எங்கே, எப்போது என்று குறிப்போம். எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் அதைப் படித்துவிட்டுப் பச்சை மையில் சுருக்கொப்பம் போடுவார். அப்போதுதான் அந்த வாக்கியத்துக்கு உயிர்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சான்று சார். "மழை பெய்யுது சார்" என்றால்கூட "சான்று?" என்று ஜன்னலைப் பார்ப்பார். முப்பது வருடமாக இதே மாடியில், இதே மரநாற்காலியில், நாற்பதாயிரம் அட்டைகளோடு குடித்தனம். எந்த அட்டையைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு முன்பக்கமும் பின்பக்கமும் ஒப்பிப்பார். கல்யாணம் ஆகவில்லை. யாரும் அதற்குச் சான்று கேட்கவில்லை.

நான் அவரிடம் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். இந்த வேலை ஆளை மாற்றிவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இரண்டு பேர் ஆங்கிலத்தில் சண்டை போட்டால் மற்றவர்கள் சண்டையைப் பார்ப்பார்கள். நான் கைப்பையில் அட்டையைத் தேடுவேன். என் வீட்டுக்காரர் என்னை ஒருமுறை கோபத்தில் ஆங்கிலத்தில் திட்டினார், பெரிய மனுஷர் மாதிரி. நல்ல சேர்க்கை. எழுதி வைத்துக்கொண்டேன். அவர் அதன்பிறகு தமிழிலேயே திட்டுகிறார்.

இந்தப் பழக்கம்தான் எனக்கு எமனாக வந்தது.

இந்த வருடத் தொடக்கத்தில் என் மேஜைக்கு வந்த சொல் அசோசியேஷன். சங்கம், தொடர்பு, கூட்டு, சகவாசம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிய சொல். நெருங்கிய, நீண்ட, தளர்வான என்று முன்னால் சேரும் சொற்கள் ஒரு பக்கம். தொடங்கு, முறித்துக்கொள், தடைசெய் என்று பின்னால் ஓடிவரும் சொற்கள் இன்னொரு பக்கம். இருநூற்றுப் பதினான்கு அட்டைகள் சேர்ந்தன. அவற்றில் பதினான்கு புத்தகத்துக்குத் தேறின. ஏழாவது என் தம்பியுடையது.

தம்பி பஸ் டிரைவர். எங்களோடுதான் இருக்கிறான். டிரைவர்கள் சங்கத்தில் இருந்தான். இரண்டு வருடங்களுக்கு முன் நிர்வாகம் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, சங்கத்தை விட்டு விலகிவிட்டேன் என்று கையெழுத்து வாங்கியது. தம்பியும் போட்டான். போட்டுவிட்டு வந்து, "கைதான் போட்டுச்சு அக்கா, நான் போடல" என்றான். அதன்பிறகும் சங்கத்தின் கடிதங்களை எல்லாம் ரகசியமாக எழுதியது அவன்தான். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மேலே இருக்கிறவர்கள் படிப்பார்களாம். அவன் ஆங்கிலம் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். சாப்பாட்டு மேஜையில் தட்டை ஒதுக்கிவிட்டு நான்தான் திருத்திக்கொடுப்பேன்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி ஒரு கடிதத்தின் மூன்றாவது வரைவைக் கொண்டுவந்தான். அதில் ஒரு வாக்கியம்: 'மற்ற டெப்போ டிரைவர்களோடு எங்களுக்குள்ள தொடர்பு முன்னைவிட நெருக்கமாக இருக்கிறது.' ஆங்கிலத்தில் அது அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. நான் திருத்த ஒன்றுமில்லை. பெருமையாக இருந்தது. உடனே ஓர் அட்டை எடுத்து எழுதினேன். பின்பக்கத்தில், எங்கள் சட்டப்படி, எழுதினேன்: 'பிப்ரவரி 12. சங்கக் கடிதம், மூன்றாவது வரைவு. எழுதியவர்: என் தம்பி. இடம்: வீடு.' சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அதற்குத் தேதியும் போட்டு வைத்துக்கொண்டேன்.

மே மாதம் அரசாங்கம் சங்கத்தைத் தடைசெய்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பே விலகியவர்களுக்கு ஒன்றும் இல்லை, அதற்குப் பிறகும் தொடர்பு வைத்திருந்தவர்கள் உள்ளே என்று ரேடியோவில் சொன்னார்கள். தம்பியின் டெப்போவிலிருந்து மூன்று பேரைக் காலைச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய சாப்பாட்டு டப்பாக்கள் டிரைவர் அறையின் அலமாரியில் மூன்று நாள் அப்படியே இருந்தன என்று தம்பி சொன்னான். நான்காம் நாள் யாரோ கழுவி வைத்துவிட்டார்கள். ஆட்கள் வரவில்லை.

எங்கள் பக்கங்கள் அதற்குள் அச்சகத்துக்குப் போயிருந்தன. ஏழாவது வாக்கியமும் அவற்றில் இருந்தது. ஆனாலும் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். யார் படிக்கப்போகிறார்கள்? இந்த மாதிரிப் புத்தகத்தை வரிவிடாமல் படிப்பவர் உலகத்திலேயே சான்று சார் ஒருவர்தான். அச்சடிக்கும் எல்லாவற்றையும் இனி ஓர் அதிகாரி படித்துப் பார்ப்பார் என்று உத்தரவு வந்தது எனக்குத் தெரியாது.

ஒரு புதன்கிழமை, பதினொரு மணிக்கு, அந்த அதிகாரி மாடி ஏறி வந்தார். தனியாகத்தான் வந்தார். ஒல்லியான மனிதர், முழுக்கைச் சட்டை, கையில் தோல்பை. கதவருகே செருப்பைக் கழற்றப்போனார். "பரவாயில்லை, வாங்க" என்றார் சான்று சார். அந்த மரியாதைதான் என்னை முதலில் பயமுறுத்தியது. கத்துகிறவனைச் சமாளித்துவிடலாம்.

அவர் பையிலிருந்து எங்கள் அச்சுப்பக்கத்தை எடுத்து மேஜையில் விரித்தார். அசோசியேஷன். பென்சிலால் மூன்று இடத்தில் மெல்லிய கோடு.

"நல்ல புத்தகம். ராத்திரி பகலா படிச்சேன்" என்றார். "இந்த வாக்கியமெல்லாம் யார் எழுதினது?"

சான்று சாரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. முப்பது வருடமாக அந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் அவர். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"யாரும் எழுதலைங்க. அதுதான் விஷயமே! இங்க ஒரு வாக்கியம்கூட இட்டுக்கட்டினது கிடையாது. ஒவ்வொண்ணும் நிஜமா யாரோ சொன்னது. பின்னாடி பேர், தேதி, இடம் எல்லாம் இருக்கும். நான் கையெழுத்துப் போடாம ஒரு வரிகூட உள்ளே போகாது."

"ஒவ்வொண்ணுக்குமா?"

"எதை வேணும்னாலும் கேளுங்க!"

அதிகாரி பென்சிலின் அடிமுனையை ஏழாவது வாக்கியத்தின்மேல் வைத்தார். "இதுக்கு?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஒருத்தர் வாயால் நான் கெட்டுக்கொண்டிருந்தேன். சான்று சார் என் பக்கம் திரும்பி, "அந்த அட்டைக்கட்டை எடுத்துட்டு வாம்மா, சாருக்குக் காட்டலாம்" என்றார், குழந்தையை அழைத்துப் பாடிக் காட்டச் சொல்வதுபோல.

அட்டைகள் உள்ளறையில் இருந்தன. என் நாற்காலியிலிருந்து பன்னிரண்டு அடி. பத்தொன்பது வருடம் நடந்த தூரம். தம்பியின் டப்பாவும் அலமாரியில் இருக்கும், நான்காம் நாள் யாரோ கழுவி வைப்பார்கள். அது ஒன்றுதான் தலையில் ஓடியது.

இழுப்பறையைத் திறந்தேன். ரப்பர் பாண்டு போட்ட கட்டு. ஒன்று முதல் பதினான்கு வரை. ஏழாவதை உருவினேன். கிழிக்கலாம் என்றால் சத்தம் கேட்கும். கைப்பை முன்னறையில் இருக்கிறது. வாயில் போட்டு மெல்லலாம் என்றுகூட நினைத்தேன், அந்த அட்டையை மெல்ல ஒரு மாடு வேண்டும். அப்போது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது: இடம் மாறிய அட்டை செத்த அட்டை. நாற்பதாயிரத்தில் ஒன்றைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டால் ஆயுசுக்கும் கிடைக்காது. கீழ்வரிசையில் குடை என்பதற்கான இழுப்பறையைத் திறந்து, நடுவில் செருகி, மூடினேன்.

கட்டோடு வெளியே வந்தேன். அதிகாரி ஒவ்வோர் அட்டையாக மேஜைமேல் வைத்தார். ஐந்து. ஆறு. எட்டு.

"ஏழு இல்லையே."

"அதுக்கு அட்டை கிடையாது சார்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "அது... நான் இட்டுக்கட்டினது."

சான்று சார் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "என்னம்மா உளர்றே? இவங்க பத்தொன்பது வருஷமா என்கிட்ட இருக்காங்க சார், கொன்னாலும் இட்டுக்கட்ட மாட்டாங்க. ஏழுல நான் கையெழுத்துப் போட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே!"

அவரை அந்த இடத்திலேயே நாலு வார்த்தை கேட்கவேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. மனுஷன் என்னைப் புகழ்ந்தே கொன்றுகொண்டிருந்தார்.

"பொய்யா ஒரு அட்டை எழுதி உங்ககிட்ட கையெழுத்து வாங்கினேன் சார்" என்றேன். "அப்புறம் பயந்துபோய்க் கிழிச்சுட்டேன்."

அதிகாரி என்னைப் பார்க்கவே இல்லை. "நீங்க எல்லா அட்டையும் மனப்பாடமா சொல்வீங்களாமே?" என்றார் சான்று சாரிடம். "அச்சகத்துல சொன்னாங்க. அது பின்னாடி என்ன எழுதியிருந்துச்சு?"

இந்த ஒரு கேள்வியிலிருந்து ஒளிய நாற்பதாயிரம் இழுப்பறை இருந்தாலும் போதாது. அந்த அட்டை குடைக்குள் இருந்தால் என்ன, கிணற்றில் இருந்தால் என்ன? அதன் நகல் எங்கள் நடுவில், மரநாற்காலியில், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் அவரையே பார்த்தேன். வேண்டாம் என்று தலையாட்டக்கூட முடியாது, அதிகாரி என் எதிரில். கண்ணால் கெஞ்சலாம் என்றால் சான்று சார் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பிப்ரவரி பன்னிரண்டு" என்றார்.

அதிகாரி எழுதிக்கொண்டார்.

"கடிதம். மூணாவது வரைவு. எழுதியவர்..."

சங்கக் கடிதம் என்று சொல்லவில்லை. நின்றுவிட்டார். கண் மூடியே இருந்தது. உதடு மட்டும் அடுத்த வார்த்தைக்காகத் திறந்து அப்படியே இருந்தது. என் தம்பியை அவருக்குத் தெரியும். நான் குடையை மறந்துவிட்டு வந்த நாட்களில் அவன் இந்த மாடிப்படி ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். போன வருடம் சான்று சார் காய்ச்சலில் கிடந்தபோது பஸ்ஸை நிறுத்தி அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டவன் அவன்தான்.

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தார்.

"எழுதியவர்?" என்றார் அதிகாரி.

"நான்" என்றார் சான்று சார்.

"நீங்களா?"

"நான்தான். என் கடிதம்னு பின்னாடி போட்டுக்கிட்டேன். கடிதமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நெருக்கமான தொடர்புக்கு நல்ல உதாரணம் கிடைக்கல, நானே ஒண்ணு செஞ்சு போட்டேன். இந்தம்மா என்னைக் காப்பாத்தறதுக்காகத் தன்மேல போட்டுக்கிறாங்க."

அதிகாரி பென்சிலை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "இப்பத்தானே ஒண்ணுகூட இட்டுக்கட்டினது இல்லேன்னீங்க?"

"எந்தக் கடைக்காரன் தன் மோர் புளிச்சுதுன்னு சொல்லுவான்?"

"சரி. அப்ப இன்னொண்ணு செய்யுங்க. இதே சொல். இப்பவே."

இந்த மனிதர் வாழ்நாளில் இல்லாத ஒன்றைச் சொன்னதே கிடையாது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட மூட்டு மூட்டாக உள்ளது உள்ளபடி சொல்பவர். அவர் வாயைத் திறந்தார், மூடினார். ஒரு நிமிஷம் போயிருக்கும். அதிகாரி மெதுவாகத் தன் பையின் வாரைப் பிடித்தார், எழுந்துகொள்ளப் போகிறவர்போல.

"மூக்குக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் உள்ள நெருங்கிய தொடர்பைக் காதுகள்தான் காப்பாற்றுகின்றன" என்றார் சான்று சார், ஆங்கிலத்தில்.

அதிகாரி பார்த்தார்.

"என் மாமனார் பூனைகளின் சங்கத்துக்கு மூன்று முறை போட்டியின்றித் தலைவரானார்." அவருக்கு மாமனாரே கிடையாது. "இந்த நாற்காலியோடு எனக்கு இருந்த நீண்ட சகவாசம் முதுகுவலியில் முடிந்தது. வெங்காயத்தோடும் கண்ணீரோடும் தொடர்பை முறித்துக்கொண்ட சமையல்காரர் ஒருவர் நேற்று..."

"போதும், போதும்." அதிகாரியின் வாயோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. சான்று சாரை நிறுத்துவது கஷ்டமாக இருந்தது. முப்பது வருடப் பசி போலிருக்கிறது.

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினார். "ஒண்ணு இட்டுக்கட்டினதுன்னா மத்ததையும் நான் எப்படி நம்பறது? அதனால சுலபமா முடிச்சுக்கலாம். இந்தப் புத்தகத்தில் உள்ள வாக்கியங்கள் அனைத்தும் கற்பனையே, எந்த மனிதரோடும் சங்கத்தோடும் தொடர்பில்லாதவைன்னு எழுதிக் கொடுங்க. முதல் பக்கத்துல அது வரணும். உங்க பேரோட. இல்லேன்னா நான் நாற்பதாயிரத்தையும் வண்டி வச்சு எடுத்துட்டுப் போய்ப் படிக்கவேண்டியிருக்கும். எனக்கும் வேலை இருக்கு."

சான்று சார் எழுதினார். பச்சை மைதான். எழுதி முடித்துவிட்டு ஒரு முறை படித்துப் பார்த்து, பழக்க தோஷம், ஒரு காற்புள்ளியைச் சரிசெய்தார். ஒரு மனிதரின் முப்பது வருடத்தைப் பொய் என்று அவர் கையாலேயே எழுதவைத்துவிட்டேன்.

அதிகாரி தாளை மடித்துப் பையில் வைத்தார். அசோசியேஷன் கட்டையும் எடுத்துக்கொண்டார். கதவருகே திரும்பி, "ஏதாவது சந்தேகம்னா மறுபடி வருவேன்" என்றார். பிறகு படியிறங்கும் சத்தம். இருபத்திரண்டு படி. நான் எண்ணினேன்.

குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். திரும்பி வந்து நேராக உள்ளறைக்குப் போய்க் குடை இழுப்பறையைத் திறந்தேன். இப்போது கிழித்து எரித்துவிடலாம். நடுவில் பார்த்தேன். முன்னால் பார்த்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். முப்பத்தொரு குடைகள். தம்பி இல்லை.

சான்று சார் தன் நாற்காலியில் இருந்தார். ஒரு புது அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த அட்டை..."

"எந்த அட்டை?" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

பிறவிப் பொய்யனால்கூட அதை அவ்வளவு நன்றாகச் சொல்ல முடியாது. "நீங்க எடுத்தீங்களா சார்? கிழிச்சுட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"இழுப்பறையை முழுசா மூடணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். அரை விரல் திறந்து கிடந்துச்சு." எழுதிக்கொண்டே சொன்னார். பிறகு, "தெரியாததை யாரும் உன்கிட்ட கேட்டு வாங்க முடியாதும்மா. தம்பியை இனிமே தமிழ்லயே எழுதச் சொல்லு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் காலில் விழலாமா என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் எழுதிக்கொண்டிருந்த அட்டையைப் பார்த்தேன்.

முன்பக்கத்தில்: 'இந்தப் புத்தகத்தில் உள்ள வாக்கியங்கள் அனைத்தும் கற்பனையே, எந்த மனிதரோடும் சங்கத்தோடும் தொடர்பில்லாதவை.' திருப்பினார். பின்பக்கத்தில் எழுதினார்: தேதி. புதன்கிழமை. இடம், இந்த அறை. எழுதியவர், தன் பெயர். எழுதச் சொன்னவர், அதிகாரி. காரணம், ஏழாம் எண் அட்டை. கீழே சுருக்கொப்பம்.

"சார், என்ன பண்றீங்க? கிழிச்சுப் போடுங்க அதை!"

"எப்படிம்மா கிழிக்கிறது?" அவர் உண்மையிலேயே புரியாமல் என்னைப் பார்த்தார். "இது ஒருத்தர் நிஜமா எழுதின வாக்கியம். நல்ல சேர்க்கை வேற."

எழுந்து உள்ளறைக்குப் போனார். ஓர் இழுப்பறை திறக்கும் சத்தம், பிறகு முழுசாக மூடும் சத்தம். எது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் முன்னறையில் நின்றேன். உண்மையான வாக்கியம் எதையும் அந்த மனிதரால் கிழிக்க முடியாது. முப்பது வருடமாகக் கிழித்ததில்லை, இன்றைக்கும் கிழிக்கவில்லை. அப்படியானால் தம்பியுடையதும் இங்கேதான் எங்கேயோ, தேதியோடும் பெயரோடும், பச்சை மையோடும், பத்திரமாக இருக்கிறது.

மதியம் முழுக்க யார் மாடி ஏறினாலும் நான் படிகளை எண்ணினேன்.